கறுத்த மணல்

பங்குனி வெயிலில் மவுசாக்கலை
அடிவயிறு தெரிய வற்றிக் கிடந்தது.
ஞாயிறு. மலையில் வேலையில்லை.
நானும் மரியசெல்வமும் அவன் மச்சான் சன்னாசியும்
லைசென்ஸ் இல்லாத மணலை
அரித்துக்கொண்டிருந்தோம்.

சத்தம்தான் முதலில் வந்தது,
ஸ்டோரில் ரோலர் பெல்ட் நழுவுவதுபோல்
விட்டு விட்டு.
பிறகு மூடுபனிக்குக் கீழே,
எங்கள் லொறியைவிட ஒல்லியாக, வெள்ளையாக ஒன்று.
சிவனொளிபாதப் பக்கம் போய்ப் பார்த்துத் திரும்பியது.
நோர்வூட் பக்கமும் போய்த் திரும்பியது.
வழியெல்லாம் பால் பொங்கி வருவதுபோல் பனி.

"பொலிஸ்" என்றான் சன்னாசி.
மண்வெட்டிகளை மணலுக்குள் புதைத்தோம்.

தாழப் பறந்து எங்களைத் தாண்டிப் போனது.
இறங்கவில்லை. பார்த்தது.
கண்ணாடிக்குள் ஒரு முகம்
எங்கள் காலைப் பார்த்தது,
எவ்வளவு புதைகிறது என்று.
(இதை அவள் பிறகு சொன்னாள்.)

மறுபடி வந்தபோது
நீரோரக் கறுப்பைப் பிடித்தது.
மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டே
பின்சக்கரம் இரண்டையும்
முட்டைக் கூடை இறக்குகிறவளாட்டம் வைத்தது.
நல்ல ஓட்டம்.
கடைசியில் கொஞ்சம் வெளுத்த மணல்.
முன்சக்கரம் அச்சுவரை இறங்கி
நின்றது.
விசிறிக்கும் மணலுக்கும் இரண்டு விரல்.

இரத்மலானையிலிருந்து வந்தவள். அச்சலா.
அசையாதவள் என்று அர்த்தம் என்றாள்,
புதைந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.
எங்களுக்குச் சிரிக்க ஒரு நிமிஷம் எடுத்தது.

"பிரேக் புடிச்சீங்களா?"
லொறியில் கிளீனராக இருந்தவன் கேட்கிற கேள்வி.
"பிடிச்சா குட்டிக்கரணம்" என்றாள் உடைந்த தமிழில்.
அதற்குப் பிறகு பேச ஆளுக்கு ஆள் இருந்தது.

ராத்திரி மரியசெல்வம் காம்பராவில்
ரொட்டியும் கட்டைச் சம்பலும்.
விடியக் குளிரில் காற்று கனமாக இருக்கும்,
இறக்கைக்கு அதுதான் வேண்டும் என்றாள்.

நாலரைக்கு மண்வெட்டிகளைத் தோண்டி எடுத்தோம்.
கொழுந்துச் சாக்கு பதினெட்டு, கதவுப் பலகை இரண்டு.
சக்கரம் ஏறிக்கொண்டது.
நான் குதிகாலை ஊன்றி ஊன்றி முன்னே நடந்தேன்.
கறுத்த மணல் தாங்கும், வெளுத்த மணல் விழுங்கும்.
கறுப்பிலும் மினுங்கினால் நம்பக்கூடாது.
பின்னால் அவள் குச்சி நட்டுக்கொண்டு வந்தாள்.
"ஐந்நூறு கவடு. அதுக்கப்பால வெளுப்பு.
போதுமா?"
"போதணும்."

சார்ஜன்ட் வந்து புத்தகத்தைத் திறந்தார்.
மணல் எங்கே இறுக்கம் என்று உனக்கு எப்படித் தெரியும்?
மரியசெல்வம் என்னைப் பார்த்தான்.
சன்னாசி வானத்தைப் பார்த்தான்.
"நடந்து பழக்கம், சேர்."
"மம்பட்டியோடயா?"
எழுதவில்லை.
புத்தகத்தை மூடிவிட்டு அவரும் தள்ள வந்தார்.

பெட்டியை இறக்கினாள். பாதி எண்ணெயை இறக்கினாள்.
சப்பாத்தையும் கழற்றி வைத்தாள் என்று
மரியசெல்வம் இன்னும் சாதிக்கிறான்.
நான் பார்க்கவில்லை. என் கண்ணெல்லாம் மணல்.

பிரட்டுக்குப் பிந்தினோம். மூன்று பேருக்கும் அரைப்பேர்.

அந்தியில் தனியாக இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
மூன்று கோடு.
கொஞ்ச தூரம் போய் இரண்டு.
விரல் ஆழம், பிறகு நக ஆழம்,
பிறகு விளக்குமாறு இழுத்த தடம்,
பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில் நின்று
ஒரு குதி குதித்தேன்.
கணுக்கால்வரை போனது.