ஒன்பதாம் அத்தியாயத்தின் ஓரத்தில்

பெய்ப்சி ஏரிக்கரையில்
ஊர்கள் மூன்று, தெரு ஒன்றுதான்.
இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வெங்காயப் பாத்தி,
அப்பால் தண்ணீர்,
தண்ணீருக்கப்பால் ரஷ்யா; தெளிந்த நாளிலும் தெரியாது.

பழைய பால் கொள்முதல் நிலையத்தில் ஓர் அறை, அதுதான் நூலகம்.
நான் அதன் ஊழியை. லூத்தரன் வீட்டில் பிறந்தவள்.
இருபத்தாறு வருடமாக இங்கே எனக்குப் பெயர் "புதியவள்".

தலைநகரிலிருந்து ஓர் எழுத்தாளன் வந்து
ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கினான்.
சிக்கரி குடித்தான், புகையிட்ட மீன் தின்றான்,
ஜெபவீட்டு வாசலோடு நின்றான், உள்ளே விடவில்லை.
இரண்டு வருடம் கழித்து நாவல் வந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எங்களுக்கு ஒரே பிரதிதான்.

எல்லோரும் படித்தார்கள்.
படித்தார்கள் என்றால், தேடினார்கள்.
மனிதர்களின் பெயரை மாற்றியவன்
நாயின் பெயரை மாற்ற மறந்திருந்தான்.
அந்த நாயைப் பின்தொடர்ந்தே வீடு வீடாக அடையாளம் கண்டார்கள்.
யெவ்லாம்பிக்குக் கோபம்:
குடிகாரனாக்கியதற்கு அல்ல,
வெங்காயம் பின்னத் தெரியாதவனாக்கியதற்கு.
ஊஸ்தீனியா புத்தகத்திலேயே இல்லை.
அவசரத்தில் விட்டுவிட்டேனோ என்று
இரண்டாம் முறையும் வாங்கிப்போனாள்.

கப்பிதோலினா கடைசியாக வந்தாள்.
தாடைக்கடியில் ஊசி குத்திய முக்காடு.
அவள் கணவன் மார்க்கெல்
மார்ச் மாதத்துப் பனிக்கட்டியில்
டிராக்டர் டியூப் பூட்டிய வண்டியோடு உள்ளே போனவன்.
வண்டி கிடைத்தது.

நாவலில் அந்த விதவை
ஈஸ்டர் விடியலில் மெழுகுவர்த்தியோடு கரைக்குப் போய்க்
கடவுளை மன்னித்துவிடுகிறாள்.
மூன்று பக்கம். அழகான பக்கங்கள்தான்,
நானே அழுதேன்.

நிஜத்தில் பதினொரு வருடமாக
ஞாயிறு தவறாமல் பெண்கள் பக்கம் நிற்கிறாள்.
இரு விரலால் சிலுவை இடுவாள்,
சின்னத் தலையணையைத் தரையில் வைத்துக் குனிந்து எழுவாள்.
பாடும்போது மட்டும் வாய் திறக்க மாட்டாள்.
ஊருக்கே தெரியும்.
வராதவனுக்கும் தட்டு வைப்பதுபோல்
அந்த மௌனத்துக்கு இடம்விட்டே ஊர் பாடும்.

நாவலுக்குப் பிறகு
தெருவில் அவளைப் பார்த்துப் புன்னகைக்கத் தொடங்கினார்கள்.

புத்தகம் திரும்பி வந்தது, வெங்காய வாடையோடு.
இருநூற்று மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில்
பழைய ஜெப ஏடுகளின் கோணலான எழுத்தில், பென்சிலால்:
"இன்னும் இல்லை."

விதிப்படி அழித்திருக்க வேண்டும்.
ரப்பரை எடுத்தேன்.
இழுப்பறைக்குள் போட்டேன்.

அப்புறம் எல்லோரும் எழுதினார்கள்.
"மீன் விலை தப்பு."
"அந்த வருடம் பனிக்கட்டி ஏப்ரல் வரை கிடந்தது."
"பின்னுவது இடமிருந்து வலம்" என்று யெவ்லாம்பி, படத்தோடு.
காலியாயிருந்த கடைசித் தாளில் ஊஸ்தீனியா
"நானும் இங்கேதான் இருந்தேன்" என்று எழுதிக்
கையெழுத்திட்டாள், தகப்பன் பெயரையும் சேர்த்து.

சேதமான புத்தகங்களைத் திருப்பி அனுப்பும்படி
மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தபோது
"தொலைந்தது" என்று பதிந்தேன்.
பொய்தான். ஏழு யூரோ அபராதம், நானே கட்டினேன்.

பென்சில் நிற்பதில்லை.
பலருடைய கட்டைவிரல் பட்டு மங்கிவிடும்.
ஆண்டுதோறும் நோன்புக்கு முந்தைய வாரம்
கப்பிதோலினா வந்து புத்தகத்தைக் கேட்பாள்,
ஜன்னலோரம் நின்றபடியே
எழுத்தின் மேல் எழுத்தை ஓட்டிக்
கறுப்பாக்கிவிட்டுப் போவாள்.
நான் அட்டைகளை அடுக்குகிறவள்போல் இருப்பேன்.

இந்த வருடம்
"இன்னும்" மட்டும் கறுப்பாகியிருக்கிறது.
"இல்லை" போன வருடத்துச் சாம்பல் நிறத்திலேயே.

மன்னிப்பா, மறதியா,
பென்சில் முனை ஒடிந்துவிட்டதா, தெரியாது.
சீவல் எதுவும் தரையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டு வேலிக்கு வெளியே
பனியில் நின்று காது கொடுத்தேன்.
முப்பதோ நாற்பதோ குரல்கள்.
இருபத்தாறு வருடம் புத்தகங்களை எண்ணியவள் நான்.
அன்று
இருமுறை எண்ணியும் கணக்கு விட்டுப்போயிற்று.