மறுபடி

பாம்பன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்
மூன்றும் நான்தான்,
கரண்ட் இருந்தால்.

நம்பீஸ்வரி வந்தபோது தலை ஈரமாயிருந்தது.
சின்னப்பாலத்தில் கரையேறி
வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே.
குவைத்தில் ஒரு வீடு, நாலு பிள்ளைகள்.
சம்பளத்தை வாயால் சொல்லவில்லை,
பக்கத்தில் ஆள் நின்றதால்
விரலை மடக்கிக் காட்டினாள்.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் அவிழ்க்காமல்.

பெயர். தகப்பன் பெயர். கணவர் பெயர்.
"இருக்காரா இல்லையான்னு கேக்குதா?"
கேட்கவில்லை.
"அப்ப பேரை மட்டும் போடு."

அனுபவம் என்று ஒரு கட்டம்.
இருபத்திரண்டு வருசம் என்றாள்.
எதில் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம்
ஒரு முங்குக்கு எத்தனை பிடி மரிக்கொழுந்துப் பாசி,
கச்சான் கிளம்பினால் எந்தப் பாறையை நம்பலாம்,
எது கையோடு பெயர்ந்து வரும்,
வனத்துறைப் படகின் சத்தம்
மேலே இருக்கிறவளுக்கு முன்னால்
கீழே இருக்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்,
கால் தகரம் கழன்றால் மூச்சு மிச்சம் எவ்வளவு.

ஏஜென்ட் அனுப்பிய தாளில் இருந்தது:
சமையல். இஸ்திரி. குழந்தை பார்த்துக்கொள்ளுதல்.
மூன்றுக்கும் டிக் போட்டேன்.
"இஸ்திரிப் பெட்டி உங்க வீட்ல இருக்கா புள்ள?
ஒரு தரம் தொட்டுப் பாத்துக்குறேன்."

மதுரையில் கண்ணாடித் தட்டில் விரல் வைத்தாள்.
மறுபடி, என்றது திரை.
சேலையில் துடைத்து வைத்தாள்.
மறுபடி.
யாரோ நெற்றியில் தேய்த்துக்கொண்டு வைக்கச் சொன்னார்கள்,
எண்ணெய்ப் பசை இருந்தால் பதியுமாம்.
பெருவிரல், சுட்டுவிரல், பத்தும் ஆனது.
அங்கிருந்தே எனக்குப் போன்:
"நான் இல்லைங்குது புள்ள."

ரேஷன் கடை மிஷினும் மாசாமாசம் அதையேதான் சொல்லும்.
அங்கே மகன் விரல் போதும்.
குவைத்துக்கு மகன் விரல் செல்லாது.

தோல் டாக்டர் களிம்பு எழுதவில்லை.
ஒரு மாதம் கடலுக்குப் போகாதே என்று
வாயால் சொல்லி, இருநூறு வாங்கிக்கொண்டார்.
குழுக்கடன், படகுப் பங்கு,
மகன் ஐடிஐயில் கட்ட வேண்டியது, ஏஜென்ட் முன்பணம்.
அவள் கணக்குப் பார்ப்பதும்
அந்த விரல்களில்தான்.

சித்திரை வந்தது.
பாசிக்காரப் பெண்கள் தாங்களே பேசி வைத்துக்கொண்டு
கடலைச் சும்மா விடுகிற நாற்பத்தைந்து நாள்.
கடன் வாங்கிக் கடன் கட்டி உட்கார்ந்திருந்தாள்.
கடைப் பக்கம் வரும்போதெல்லாம்
பெருவிரலை டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பாள்.
முதலில் வெறும் தழும்பு.
ஒரு நாள் ஒரு கோடு.
அதன் பக்கத்தில் இன்னொன்று வளைந்து,
காற்று விழுந்த காலையில் வற்றுகிற தண்ணீர்
மணலில் போட்டுவிட்டுப் போகுமே, அது மாதிரி.
"யாருடி இவ,
இத்தனை வருசமா எங்க போயிருந்தா?"
சிரித்தாள். உடனே கையை மடக்கிக்கொண்டாள்,
பார்த்தாலே தேய்ந்துவிடும் என்பதைப் போல.

ஆனி மாதம் பச்சை விளக்கு எரிந்தது.
ஆவணியில் போனாள்.

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ்,
பின்னால் வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தத்தோடு.
பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.
மீனைத் தலையில்லாமல் வாங்குகிறார்கள்.
வெள்ளிக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள்,
செருப்போடு நின்று பார்த்துவிட்டு வந்தாள்.
காலையும் மாலையும் பிளீச்சிங் ஊற்றித் தரை துடைப்பது,
அதில்தான் தோல் உரிகிறதாம்.

"அட்டை புதுப்பிக்கக் கூட்டிட்டுப் போனாக புள்ள.
இங்கயும் மறுபடிங்குது.
பாசையா தெரியல, ஆனா அதேதான், செவப்பு வெளக்கு.
ஆமா, அன்னைக்கு அந்த அனுபவம் கட்டத்துல
எத்தனை வருசம்னு எழுதுனே?
கேட்டாகன்னா
நான் மாத்திச் சொல்லிரக் கூடாதுல்ல."