ஆப்பு

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
அரிசி வியாபாரிகள் கல்யாண மண்டபம்.
மேடைக்கு இரண்டு மைக், கூட்டத்துக்கு ஒன்று,
ஜெனரேட்டருக்குத் தனி வாடகை.
பாதி சபைக்காரர்கள் தருவது, பாதி அறிவியல் மன்றம்.
தேசிங்கு சவுண்ட் சர்வீஸ் என்று எழுதிய பெட்டிமேல்
உட்கார்ந்திருக்கிற எனக்குக் கட்சி கிடையாது.
ஏறினால் இறக்கணும், இறங்கினால் ஏற்றணும்,
அவ்வளவுதான்.

பாஸ்டர் தேவவரம் சத்தியவேட்டிலிருந்து வந்தவர்.
தெலுங்கில் பேசினார், தமிழுக்கு மாற்ற ஒரு பையன்.
அவர் ‘கோத்தி’ என்றதும் ஆந்திராக்காரர்கள் சிரித்தார்கள்,
பையன் ‘குரங்கு’ என்றதும் மற்றவர்கள்.
இரண்டும் தெரிந்த நாங்கள்
முதல் தடவை சிரித்துவிட்டு
இரண்டாவதற்குக் கொட்டாவி விட்டோம்.
“டீச்சரம்மா பாட்டனுக்கு வால் எத்தனை முழம்?”
அதற்கும் இரண்டு சிரிப்பு.

குமுதவல்லி டீச்சர் எழுந்தார்.
மைக்கைச் சாக்பீஸ்போல இரண்டு விரலில் பிடித்தார்,
பாதிக் குரல் ஃபேன் காற்றோடு போயிற்று.
கிட்டே, வாய்க்குக் கிட்டே என்று சைகை காட்டினேன்.
“குரங்கு எனக்குப் பாட்டன் இல்லை. பங்காளி.”
பங்காளி என்றதும்
வரப்புத் தகராறு உள்ளவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள்.
“பாகம் பிரிஞ்சு எத்தனையோ லட்சம் வருஷம்...”

கரண்ட் போனது.

நோட்டீஸை விசிறியாக்கிக்கொண்டு ஜனம் பேசத் தொடங்கியது,
நெல் விலை, செம்மண் லாரி, யாரோ ஓடிப்போனது.
நான் பின்பக்கம் ஓடினேன்.
சரிவில் நிற்கும் ஜெனரேட்டர், ஓடினால் நடக்கும்,
அதற்கு ஆப்பாக ஒரு கல் வைத்திருக்கிறேன்.
அதிரம்பாக்கத்து ஓடையில் கால் கழுவும்போது எடுத்தது,
ஒரு முனை கூர், ஒரு முனை உருண்டை,
ஆறு வருஷமாக வண்டியில் கிடக்கிறது.

பாஸ்டர் செல்போன் வெளிச்சத்தோடு வந்தார்,
ஒன்பதரை பஸ் போய்விடும் என்ற கவலை அவருக்கு.
“பிடிங்கய்யா” என்று கல்லை உருவிக் கொடுத்துவிட்டு
ஜெனரேட்டரைத் திருப்பினேன்.

பிடித்தவர் அப்படியே நின்றார்.
விரல்கள் தாமாக நகர்ந்து இடம் தேடின.
கட்டைவிரல் ஒரு குழியில் போய் உட்கார்ந்தது,
யாரோ எழுந்து போன நாற்காலியில் உட்காருவதுபோல.
“எவரு சேசினாரு?”

மொழிபெயர்க்கப் பையன் இல்லை.
பின்னாலேயே வந்திருந்த டீச்சருக்குத் தேவையும் இல்லை.
“தட்டித் தட்டிச் செதுக்கியிருக்காங்க.”
“பார்த்தீங்களா, கல்லுக்கே செய்தவன் உண்டு. கைக்கு?”
“இதைச் செஞ்சவனுக்கு உங்க நெத்தி இல்லை, என் தாடை இல்லை.
நம்ம இனம் பிறக்கறதுக்கு ரொம்ப முந்தினவன்.
நீங்க மேடையில் சிரிச்சது இவனைப் பார்த்துத்தான்.”

பாஸ்டர் பதில் சொல்லவில்லை, கல்லையும் தரவில்லை.
கொஞ்சம் கழித்து,
“பிள்ளை செத்தா அழுதிருப்பானா?”

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார்.
“தெரியலைங்க.”

அன்று சாயங்காலம் மேடையில் யாரும் சொல்லாத வார்த்தை.
மைக் செத்திருந்த நேரம் பார்த்து வந்தது.

நாலாவது இழுப்பில் ஜெனரேட்டர் பிடித்தது,
ஆப்பில்லாமல் நடந்தது,
ஒயரை இழுத்தது, உள்ளே மைக் சரிந்து
கீ என்று ஓர் ஓலம்,
மண்டபம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது,
தமிழும் தெலுங்கும் ஒரே தடவையில்.
பாஸ்டர் கல்லோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார்.

‘ஆப்பசைத்த குரங்கு’ என்று வாய்வரை வந்தது.
யாரைத் திட்ட?
உருவினவன் நான்.

மீதி விவாதம் ஒன்பதேகால் வரை நடந்தது.
யார் ஜெயித்தது என்று கேட்பவர்களுக்கு,
சபை பாக்கி நானூறு, மன்றம் பாக்கி அறுநூறு.

வண்டி ஏற்றும்போது நானும் பிடித்துப் பார்த்தேன்.
நான் இடக்கையன்.
எப்படித் திருப்பினாலும்
கட்டைவிரல் வெளியே நின்றது.