படிவத்தில் கட்டமில்லை

ஜனவரி மூன்றாம் சனி.
கௌனாஸ் நகருக்கு வெளியே
ஜார் காலத்துச் செங்கல் கோட்டை.
வெளியே மைனஸ் பதினேழு, உள்ளே நான்கு.
"மூச்சை மேலே விடாதே, ஜீவிலே" என்கிறான் தவுத்விதாஸ்.
போன வருடமும் இதையேதான் சொன்னான்.

வௌவால் எண்ண வந்திருக்கிறோம்.
விரிசலில் ஒன்று, கதவுக் கீலுக்குப் பின்னால் இரண்டு,
வாடிய பேரிக்காய்கள் போல் ஒரு கொத்து.
நான் சொல்லச் சொல்ல
அவன் பென்சிலால் கோடு போடுகிறான்.
பேனா மை உறைந்துவிடும்.

வெடிமருந்து அறையின் கூரையில்
ஈரத்தில் பூத்த பூஞ்சை என்றுதான் முதலில் நினைத்தேன்.
டார்ச்சைச் சாய்த்தால்
கால்கள்.
நூறு, இருநூறு. பிறகு எண்ணவில்லை.
கொசுக்கள்.

அத்தனையும் பெண்.
ஆண்களின் கதை அக்டோபரிலேயே முடிந்தது.
அவர்கள் தந்துபோனதை உள்ளே பூட்டிவைத்து
முட்டையைத் தள்ளிப்போட்டுத் தொங்குகிறார்கள்.
இவர்கள் ரத்தம் கேட்கவில்லை.
பகல் குறுகத் தொடங்கியதுமே
பூவிலும் அழுகிய ஆப்பிளிலும் இனிப்பை உறிஞ்சி
கொழுப்பாக்கி
ஒரே ஒரு குளிர்காலத்துக்குக் கட்டுச்சோறு.
வீணாக நாலு தடவை விழித்தால்
ஏப்ரல் வரை எட்டாது.

ஒரு சாண் தள்ளி
அதே கூரையில் ஒரு வௌவால்.
கோடை ராத்திரிகளில் இவர்களை விழுங்கித் தீர்த்த வாய்
மூடிக் கிடக்கிறது.

எனக்கு மருந்துக்கடையில் வேலை.
ஜூன் முழுக்க நான் விற்பது
கொசுவிரட்டிக் களிம்பு.
யோசனையில் மூச்சை மேலே விட்டுவிட்டேன்.
ஒருத்தி ஒரு காலைத் தூக்கினாள்,
சற்று நேரம் காற்றில் வைத்திருந்தாள்,
திரும்ப ஊன்றினாள்.
அது எத்தனை நாள் செலவோ.

"கொசுவுக்குக் கட்டம் இருக்கிறதா?"
தாளைத் திருப்பியும் பார்த்தான்.
இல்லை.
வௌவால் நாற்பத்தொன்று என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டோம்.

காரில் சூடு ஏறிய பிறகுதான் பார்த்தேன்,
இடக்கைக் கையுறையின் மடிப்பில் ஒருத்தி.
ஒவ்வொரு காலாக நீட்டி
எழுந்துகொண்டிருந்தாள்.
இன்னும் மூன்று மாதம் இருக்கிறது பெண்ணே.

தவுத்விதாஸ் எதுவும் பேசாமல்
ஹீட்டரை அணைத்தான்.
இருபத்திரண்டு கிலோமீட்டர்,
இருவருக்கும் பல் கிட்டியது.

கையுறையை அப்படியே
வீட்டு நிலவறையில், உருளைக்கிழங்குப் பெட்டி மேல்
வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி முழுக்க
இடக்கை கோட்டுப் பைக்குள்.