தலைக்கு இருபத்திரண்டு

கணக்கு வியாகுலம் கையில்.
பெட்ரோல் எழுபது, தர்பூசணி ஒன்பது,
ஐஸ்கட்டியும் சீட்டுக்கட்டும் ஒன்பது.
புளிச்சோறு மெஸ்ஸில் கட்டியது,
அது மாதக் காசில் போகும்.
சாலிக் அடிக்காத பாதையாகப் பார்த்து
அல் தைத் வழியே
விடியுமுன் கிளம்பினோம், நாலு பேர்.

பதினோரு வருசமாய் சார்ஜாவில் இருக்கிறேன்.
இந்த நாட்டு மலையைத்
தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய தாளில்
பார்த்ததோடு சரி.
நேரில் அது
உடைத்துக் குவித்த கான்கிரீட் நிறத்தில் இருந்தது.
ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மஸாஃபி ஏற்றத்தில்
பிச்சைக்கனியின் சன்னி புகைந்தது.
ஏசியை நிறுத்தினோம், ஜன்னலை இறக்கினோம்,
சட்டையைக் கழற்றினோம்.
குடிக்க வைத்திருந்ததை எல்லாம்
ரேடியேட்டர் குடித்தது.

கோர்பக்கான், அம்புக்குறி,
இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்றது பலகை.
அதன் நிழலிலேயே ஜமுக்காளம் விரித்தோம்.
நிழல் நகர நகர
சீட்டும் சோறும் மனிதருமாய்
நாங்களும் நகர்ந்தோம்.
எங்கிருந்தோ வந்த ஆடு
தர்பூசணித் தோலை முடித்துவிட்டு
கணக்குத் தாளையும் தின்றது.
சாமுவேல்துரை சிரித்த சிரிப்புக்கு
எதிர்ச் சரிவு இரண்டு தரம் சிரித்தது.

இஞ்சின் ஆறியபோது மணி நாலு.
மறுநாள் ஆறுக்கு டியூட்டி.
வண்டியைத் திருப்பினோம்.

ராத்திரி அறையில்
தாள் இல்லாமலே கூட்டிக் கழித்து
தலைக்கு ஐந்து திர்ஹம்
திருப்பித் தந்தான் வியாகுலம்.

காலையில் கம்பெனி பஸ்ஸில்
கடல் எப்படிடே என்று கேட்டார்கள்.
அங்கனயேதான் இருக்கு என்றான்.