இடைவெளி இல்லாமல் ஐந்து ஆண்டுகள்

படிவம் கேட்பது இவ்வளவுதான்:
கடந்த ஐந்து ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகள்,
ஒரு நாள்கூட விடுபடாமல்.

ராய்ஸ்டன் ஆஸ்க்யூ பேனாவைக் கீழே வைத்தார்.
ஐம்பத்து மூன்று வயது.
கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் அரிந்த கைகள்,
இடது சுண்டுவிரலுக்கு நுனி இல்லை.
ஜன்னலுக்கு அப்பால் ஹம்பர் ஆறு
சேற்று நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

“பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஓட்டை விழுந்திருக்கிறது” என்றேன்.
“ஓட்டை இல்லை. வேன்” என்றார்.

வேனுக்கு அஞ்சல் குறியீடு கிடையாது.
உதவி எண்ணை அழைத்தேன்.
இருபத்தாறு நிமிடம் பியானோ.
அப்புறம் சளி பிடித்த குரலில் ஒருத்தி,
“நிலையான இருப்பிடம் இல்லை என்று போட்டு
ஊர் பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.”
எழுதினார்.
அந்த ஒரு வரியை மட்டும்
மறுபக்கம் தடம் தெரியும்படி அழுத்தி.

ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்று, வரி ரசீது.
அசல்தான் வேண்டும், நகல் ஆகாது.
படத்தில் மீசை இருந்தது.
பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு:
அந்நியர்களின் முகத்தை
அவர்களுடைய முகத்தோடு ஒப்பிடுவது.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லையாம்.
சொன்னவர் என் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை.
இங்கே கை நடுங்குகிறவர்கள்
என்றோ கட்டாமல் விட்ட ரயில் அபராதத்துக்கு நடுங்குகிறார்கள்.
நெவில் க்ரோதர் நடுங்கவில்லை.
உருண்டோடிய பேனா மூடியைக் குனிந்து எடுத்துத் தந்தார்.
என் நாயின் பெயர் கேட்டார்.
ஒன்பதே நாளில் சான்றிதழ்,
கட்டத்துக்குக் கட்டம் பதிவு ஏதுமில்லை, பதிவு ஏதுமில்லை.
அது பொய்யும் அல்ல.
அதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை.

டொரீனுக்குப் பேச்சு வராது. அறுபது வயது.
அந்தக் குளிர்காலம் முழுக்கக் குளிக்க மறுத்தாள்.
நாங்களும் ஒழுங்காகக் குறிப்பேட்டில் பதிந்தோம்:
மறுத்தார். தேதி, நேரம், கையெழுத்து.
மறுத்தார்.
மறுத்தார்.
நாற்பத்தொரு முறை.
வழக்கறிஞர் நின்று உரக்க எண்ணியபோதுதான்
நானும் எண்ணினேன்.

ராய்ஸ்டனுடையது வர ஆறு வாரம் ஆனது.
அவர் வீட்டுக்கு வந்த உறையை
ஒட்டுப் பிரிக்காமல் கொண்டுவந்தார்.
“நீங்களே பிரியுங்கள்.”
ஒரு வரி. தாக்குதல், உடற்காயம்.
அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.
“யார்?”
“அம்மாவின் புருஷன்.”
“எதனால்?”
“நிலக்கரி அள்ளும் கரண்டி” என்றார்,
நான் காரணத்தைக் கேட்டிருந்தேன்.
சற்றுப் பொறுத்து,
“முதலில் அது அவர் கையில் இருந்தது” என்றார்.

இடர் மதிப்பீட்டுத் தாளில் எனக்கு நான்கு அங்குல இடம்.
எழுதவில்லை. வீட்டைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனேன்.
நெவிலுக்குப் பிறகு டொரீனின் கதவு
எப்போதும் திறந்தே கிடக்கும்.
ராய்ஸ்டன் திறந்த கதவைத் தட்டினார்.
அவள் படுக்கை விளிம்பில் அமர்ந்து
கம்பளியின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.
பதில் வராது என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் நின்றார்.
தேநீர் வண்டி வந்தது, போனது.
அவள் கூப்பிடவில்லை.
அவர் உள்ளே போகவில்லை.

நெவிலும் தட்டியிருக்கலாம்.
நான் பார்த்ததில்லை.

வேலை கொடுத்தேன். மூன்று மாதம்
எந்தப் பணிநேரத்திலும் தனியாக இல்லை என்ற நிபந்தனையோடு.
காரணம் சொல்ல ஆரம்பித்தேன்,
“சரிதான்” என்று கோட்டை மாட்டிக்கொண்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு
குறிப்பேட்டில் அந்த ஒரு சொல்லைத் தேடுகிறேன்.
இந்த வாரம் இரண்டு இடத்தில்.
இரண்டுமே பட்டாணி.
அப்படியும் விரலை வரியில் வைத்து
ஊட்டியது யார் என்று பார்க்கிறேன்.