மூடி திறந்தால் எரிய வேண்டும்

மோதிரத்தைக் கழற்று என்றுதான் முதலில் கத்தினேன்.
குளோரிக்குப் புரியவில்லை.
வஞ்சிரத்துக்கு நடுவே எங்கோ விழுந்திருந்தது
உளுந்தளவு வெள்ளை.
தேடிப்பார்க்க விரலை நுழைக்கப் போனாள்.
தங்கத்தைத் தின்னும் அது. கழற்று.

என் கைதான் தவறியது.
இருபது வருடத்து ஃப்ரீசர்,
மூடியின் கீலோரம் ஒரு கண்ணாடிக் குமிழ்,
அதற்குள் இரண்டு கம்பி, ஒரு துளி பாதரசம்.
மூடி சாய்ந்தால் துளி ஓடும்,
கம்பிகளைத் தொடும், விளக்கு எரியும்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்,
அதை ஒருநாளும் தப்பாய்ச் செய்ததில்லை.
துருவேறிய திருகை நெம்பினேன்,
ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது.

காசிமேட்டில் காலை ஐந்தரை.
ஏலம் இன்னும் ஓயவில்லை.
"கழுவினா போய்டாதா?"
போகாது.
"மேலாப்புல இருக்கறத மட்டும் எடுத்துட்டா?"
எத்தனையாய் உடைந்தது என்று
யார் எண்ணினார்கள், குளோரி.

பதினொரு கிலோ.
என்ன விலை என்று அவள் மூன்று முறை சொன்னாள்.
நான்காம் முறை சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

துடைப்பம் வேண்டாம், அட்டையால் ஒதுக்கு,
சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சு.
ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி
கிடைத்ததையெல்லாம் அடியில் விட்டேன்.
ஐஸ் வண்டி ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார்:
"குடுத்துடும்மா, ரசமணி கட்டிப் போட்டுக்கறேன்.
கடன் அடையும்னு சொல்றாங்க."
கடன் எனக்கும்தான் இருக்கிறது,
பதினொரு கிலோ.
கொடுக்கவில்லை.

முதலில் எஃகுக் குண்டு வாங்கினேன்.
குழாய்க்குள் உருண்டு கம்பியைத் தொடுவது,
அதே வேலை, விஷமில்லை.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனால்
குண்டு குதிக்கும், விளக்கு கண்ணடிக்கும்.
"இன்னாடி, பேய் பூந்துச்சா?" என்றாள்,
ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அடுத்து அமுக்கு ஸ்விட்ச்.
கடல் காற்று அதைப் பன்னிரண்டு நாள் விட்டுவைத்தது.
பச்சையாய்ப் பூத்து உள்ளேயே இறுகிவிட்டது.

ரிச்சி தெருவில் ஒரு பையன்
தீக்குச்சி நீளத்தில் ரீட் ஸ்விட்ச் காட்டினான்.
கண்ணாடிக்குள் இரண்டு தகடு,
வெளியே ஒரு காந்தம்.
இதுவும் கண்ணாடிதான்,
உடைந்தால் வெறும் கண்ணாடி.

மாட்டினேன். திறந்தேன். எரியவில்லை.
வயரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்,
எல்லாம் சரி.
மறுநாள் விளக்கின் அடியில் மட்டும்
ஐஸ் உருகிக் குழியாகியிருந்தது.
மூடியிருந்த இரவு முழுக்க
யாரும் பார்க்காமல் எரிந்திருக்கிறது,
கண் மூடத் தெரியாத அத்தனை மீன்களின் மேல்.
காந்தம் வந்தால் சேரும் தகட்டை வாங்கியிருக்கிறேன்.
காந்தம் வந்தால் பிரியும் தகடு வேண்டும்.
பேருந்தில் திரும்பவும் ரிச்சி தெரு,
முப்பத்தைந்து ரூபாய்.

இப்போது எரிகிறது.
குளோரி திறந்தாள், மூடினாள்,
ஒரு விரல் இடைவெளி விட்டுக் குனிந்து
அணைந்துவிட்டதா என்று பார்த்தாள்.
"செரி" என்றாள்.
"மாசம் எவ்ளோ குடுப்ப?"

அந்த வரிசையில் இன்னும் நான்கு ஃப்ரீசர்,
நான்கிலும் அதே குமிழ்.
அடியில் தட்டு வைத்து, மீனை வெளியே எடுக்கச் சொல்லி,
திருகுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு
முழுசாய்க் கழற்றினேன், நான்கையும்.
மோட்டார் கடை, தண்ணீர்த் தொட்டி மிதவை
என்று இன்னும் சில வந்து சேர்ந்தன.

எங்கே கொடுப்பது என்று அலுவலகத்தில் கேட்டேன்.
எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று
அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.
திங்கட்கிழமை வாங்க.
இது நான்காவது திங்கள்.

கொருக்குப்பேட்டையில் என் அலமாரியின் மேல்தட்டு.
உடையாத குமிழ்கள் பஞ்சு சுற்றி டப்பாவில்.
பக்கத்தில் ஊறுகாய் பாட்டில்,
"தொடாதே" என்று சிவப்பில் எழுதி.
அடியில் அந்தத் துளிகள் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டன.
எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் போய்விட்டது,
இதில் முகம் தெரிகிறது, பொடியாக.
கூட்ஸ் ரயில் போகும்போதெல்லாம் அது ஆடுகிறது.
தொடுவதற்கு இரண்டு கம்பி தேடுவதுபோல.